டாம் - ஜிம் - நந்தன்

“ஐயா, ஜிம்முக்குத் தகப்பன் பெயர் என்ன?”

வகுப்பறையில் எழுந்த கேள்வி இது. கேட்டவன் ஏழாம் வகுப்பு மாணவன். விடை தெரியாது விழித்து நின்றவன் நான்; கல்லூரியில் இலக்கியம் பயின்று பட்டம் பெற்று வந்த ஆசிரியன்!

ஆலங்குளத்தைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு, வாரம் ஒருநாள், பாடநூலுக்கு வெளியே ஒரு கதை சொல்வது என் வழக்கம். அந்த வாரம் சொன்னது மார்க் ட்வைன் எழுதிய ‘ஹக்கில்பெரி ஃபின்’. ஹக் என்ற வெள்ளைச் சிறுவனும், ஜிம் என்ற கறுப்பின அடிமையும் ஒரு தெப்பத்தில் ஏறி மிசிசிபி ஆற்றில் தப்பிச் செல்லும் கதை. ஹக்குக்குத் தகப்பன் உண்டு. குடிகாரன், கொடியவன், ஆனாலும் உண்டு. குடும்பப் பெயரும் உண்டு. அவன் நண்பன் டாம் சாயருக்கும் உண்டு. ஜிம்முக்கு? ஏட்டைப் புரட்டினேன். ஜிம் - அவ்வளவுதான்.

சிறுபிள்ளைக் கேள்வி என்று தள்ளிவிட்டுப் போயிருக்கலாம். என்னால் முடியவில்லை. கேட்டவனுடைய பாட்டனாரை அவருடைய ஊரார் இன்றும் ஒருமையில்தான் அழைக்கின்றனர். அவர் வயதில் பாதிகூட இல்லாத இளைஞன் அவரை ‘வாடா’ என்கிறான். பெயருக்கு முன்னால் தகப்பன் எழுத்தும், பெயருக்குப் பின்னால் ஒரு மரியாதையும் இல்லாமல் ஒரு மனிதனை நிறுத்திவைப்பது எத்தகையது என்பது, எந்த ஏட்டையும் புரட்டாமலே அந்தப் பிள்ளைக்குத் தெரியும். பட்டம் பெற்ற எனக்குத்தான் தெரியவில்லை.

அன்று தொடங்கி, அமெரிக்கப் பேரிலக்கியங்களை மீண்டும் எடுத்துப் படித்தேன். படித்து முடித்தபோது நான் வந்து நின்ற இடம் அமெரிக்கா அல்ல, ஆதனூர். நந்தன் பிறந்த ஊர்.

அமெரிக்கா எங்கே, ஆதனூர் எங்கே என்று கேட்போர் இருக்கலாம். நிறவெறியும் சாதியும் ஒன்றல்ல, உண்மைதான். நிறம் கண்ணுக்குத் தெரியும். சாதியை அறிய ஊரையும் தெருவையும் விசாரிக்க வேண்டும். ஆயினும் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது நம் முன்னோர் காட்டிய வழியே. மராட்டியத்தில் சோதிபா புலே 1873இல் ‘குலாம்கிரி’ எழுதியபோது, நீக்ரோ அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்கே அந்நூலைப் படையலாக்கினார். அண்ணல் அம்பேத்கர் 1946இல் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டு பாய்சுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் பம்பாயில் தோன்றிய தலித் சிறுத்தைகள், தம் பெயரையே அமெரிக்கக் கருஞ்சிறுத்தைகளிடமிருந்து பெற்றனர். விலக்கப்பட்டவன் விலக்கப்பட்டவனைக் கடல் கடந்தும் அடையாளம் காண்கிறான். அங்ஙனமிருக்க, இலக்கியத் திறனாய்வு மட்டும் கரையிலேயே நிற்பானேன்?

நல்லவன், பொறுத்தவன், மாண்டவன்

முதலில் ‘டாம் மாமாவின் குடிசை’. ஹாரியட் பீச்சர் ஸ்டோ அம்மையார் 1852இல் நூலாக வெளியிட்டது. முதல் ஆண்டிலேயே அமெரிக்காவில் மூன்று இலட்சம் படிகள் விற்றன. அடிமை முறைக்கு எதிராக வடமாநிலத்து மக்களின் நெஞ்சை உருக்கியதில் இந்நூலுக்குப் பெரும்பங்கு உண்டு. அதை மறுப்பவன் நன்றி கொன்றவன்.

ஆனால் அந்த டாம் யார்? விற்கிறார்கள், போகிறான். மீண்டும் விற்கிறார்கள், போகிறான். லெக்ரீ என்னும் கொடியவனிடம் சேர்கிறான். தப்பி ஒளிந்த பெண்கள் இருவரின் மறைவிடத்தைச் சொல்ல மறுக்கிறான். அடித்தே கொல்கிறார்கள். அடித்தவனை மன்னித்துவிட்டு மடிகிறான். மறைவிடத்தைச் சொல்ல மறுத்த அந்த உறுதி மாபெரும் வீரம். ஆயினும் அவன் அடித்தவனை எதிர்த்து ஒரு விரலும் அசைப்பதில்லை. அசைத்திருந்தால் நமக்குக் கண்ணீர் வந்திருக்குமோ என்னவோ என்று ஆசிரியர் அஞ்சியதுபோல் தோன்றுகிறது.

எதிர்த்து நிற்பவன் ஒருவன் நூலில் இல்லாமல் இல்லை. ஜார்ஜ் ஹாரிஸ். துப்பாக்கி ஏந்துகிறான், வாதாடுகிறான், தப்புகிறான். அவனை ஆசிரியர் எப்படிப் படைத்தார்? வெள்ளையன் என்று மயங்கும்படி வெளிறிய நிறத்தவனாக! கறுத்தவனுக்குப் பொறுமை, வெளுத்தவனுக்கு வீரம். அவனும் விடுதலை பெற்றபின் அமெரிக்காவில் வாழ்வதில்லை. கதை அவனை ஆப்பிரிக்காவின் லைபீரியாவுக்கு அனுப்பி வைக்கிறது. ஒருவனுக்குச் சொர்க்கம், மற்றவனுக்கு ஆப்பிரிக்கா. அமெரிக்க மண்ணில் இருவருக்கும் இடமில்லை. கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் 1949இல் இந்நூலின் மிகையான கண்ணீரைக் கடுமையாகச் சாடி எழுதியதன் பொருள், இதைப் பார்த்தபின் விளங்குகிறது.

அதற்கும் முன்னே செல்வோம். 1826இல் ஃபெனிமோர் கூப்பர் எழுதிய ‘மோகிகன் குலத்தின் கடைசி மனிதன்’. செவ்விந்திய இளைஞன் அன்காஸ் அழகன், வீரன், பண்பாளன். அத்தனை சிறப்பும் எதற்கு? கடைசியில் மடிவதற்கு. அந்நூலில் வெள்ளைத் தளபதியின் மகளிர் இருவர். மூத்தவள் கோரா, தாய்வழியில் அடிமைக் குருதி கலந்தவள். அறிவும் துணிவும் மிக்கவள். இளையவள் ஆலிஸ், கலப்பற்ற வெள்ளைப் பெண். அஞ்சுவதும் மயங்குவதும் தவிர வேறு செய்யாதவள். யார் மாள்கிறாள், யார் மணம்புரிந்து வாழ்கிறாள் என்பதை வாசகர்க்கு நான் சொல்லவும் வேண்டுமா?

1851இல் மெல்வில் தீட்டிய ‘மோபி டிக்’ இவற்றினும் உயர்ந்த நூல். குவீக்வெக் தென்கடல் தீவொன்றின் அரசன் மகன். உடலெங்கும் பச்சை குத்தியவன், திமிங்கிலத்தின்மீது எறியீட்டி வீசுவதில் வல்லவன். அவனோடு ஒரே படுக்கையில் உறங்கி, ஒரே குழாயில் புகைபிடித்து, இஸ்மவேல் என்ற வெள்ளையன் அவன் தோழன் ஆகிறான். அக்காலத்தில் அப்படி எழுத நெஞ்சுரம் வேண்டும். ஆனால் முடிவு? கப்பல் மூழ்குகிறது. குவீக்வெக் தனக்கெனச் செய்வித்த சவப்பெட்டி நீரில் மிதந்து மேலே வருகிறது. அதைப் பற்றிக்கொண்டு பிழைப்பவன் இஸ்மவேல். பிழைத்ததனால் கதை சொல்பவனும் அவனே. விலக்கப்பட்டவனின் சவப்பெட்டி, மற்றவனின் உயிர்மிதவை! இக்கதைகள் அனைத்தின் இலக்கணமும் இந்த ஒரு காட்சியில் அடங்கிக் கிடக்கிறது.

தெப்பத்தில் ஓர் இரவு

ஜிம்முக்குத் திரும்புவோம். தன்னை எண்ணூறு டாலருக்கு விற்கப் போகிறார்கள் என்பதைக் காதில் கேட்டுவிட்டு ஓடியவன் அவன். மனைவியையும் பிள்ளைகளையும் விலைகொடுத்து மீட்பது அவன் கனவு.

ஓர் இரவு, தெப்பத்தில் அமர்ந்து அவன் தன் மகளைப் பற்றிச் சொல்கிறான். நான்கு வயதுக் குழந்தை; கடுங்காய்ச்சல் கண்டு எழுந்தவள். கதவைச் சாத்து என்கிறான். அவள் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். சொல் கேளாத பிள்ளை என்று அறைந்துவிடுகிறான். பிறகு காற்றில் கதவு பெருஞ்சத்தத்தோடு அடிக்கிறது. குழந்தை திரும்பியும் பார்க்கவில்லை. அப்போதுதான் தெரிகிறது, காய்ச்சல் அவள் செவியைப் பறித்துவிட்டதென்று. அவளை வாரியெடுத்துக் கதறியதை அவன் சொல்கையில், அங்கே அடிமை இல்லை, வேடிக்கை மனிதன் இல்லை. தவறு செய்து வருந்தும் தகப்பன் ஒருவன் இருக்கிறான். நல்லவனாக மட்டுமே இருந்தாக வேண்டிய சுமையிலிருந்து அந்த ஒரு பக்கத்தில் ஜிம்முக்கு விடுதலை கிடைக்கிறது.

ஜிம்மைக் காட்டிக்கொடுக்காவிட்டால் நரகம் என்று நம்பும் ஹக், நரகமே வரட்டும் என்று துணிந்து கடிதத்தைக் கிழிக்கும் இடமும் இந்நூலில் உண்டு. மதமும் சட்டமும் ஊரும் ஒருசேரக் கற்பித்த பொய்யை ஒரு சிறுவனின் நட்பு வெல்லும் காட்சி. பகுத்தறிவாளர் எவரும் தவறவிடலாகாத பக்கம்.

ஆனால் இந்த உயரத்திலிருந்து கதை வழுக்கி விழுகிறது. ஜிம் பிடிபட்டுக் குடிசையில் அடைபடுகிறான். மீட்க வந்த டாம் சாயர், தான் படித்த சாகசக் கதைகளைப்போல் மீட்க வேண்டும் என்று வாரக்கணக்கில் விளையாட்டு நடத்துகிறான். இறுதியில் வெளிப்படும் உண்மை என்ன? உடைமைக்காரி இறக்கும்போதே ஜிம்முக்கு விடுதலை எழுதிவிட்டாள். இரண்டு மாதமாக அவன் அடிமையே அல்லன். டாம் சாயருக்கு அது தெரியும்! ஆறு முழுக்க அவன் ஓடிய ஓட்டம், பட்ட பாடு எல்லாம் வீண்; விடுதலை எசமானியின் உயிலிலிருந்து வந்தது. வஞ்சகன் ஒருவன் ஜிம்மை விற்ற விலை நாற்பது டாலர். விளையாடிய சிறுவன் இறுதியில் அவனுக்கு ஈடாகக் கொடுப்பதும் நாற்பது டாலர். அவன் மனைவி மக்கள் என்ன ஆயினர்? நூல் வாய் திறக்கவில்லை.

ஆதனூர் நெருப்பு

இனி நம் வீட்டுக்கு வருவோம். அயலான் முற்றத்துக் குப்பையைச் சுட்டிய விரல், தன் முற்றத்தையும் சுட்ட வேண்டாமா?

பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில் நந்தன் திருநாளைப்போவார் என்னும் நாயனார். கோயில் முரசுகளுக்குத் தோலும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் தந்தவர். அவர் தந்த தோல் உள்ளே ஒலிக்கும். அவர் வெளியே நிற்க வேண்டும். திருப்புன்கூரில் அவர் காண்பதற்காக நந்தி விலகியது என்று புராணம் புகழ்கிறது. நந்தி விலகியது, வாயில் விலகவில்லையே! தில்லையில் என்ன நடந்தது? தீ மூட்டினர். அதில் புகுந்தார். வெளிவந்தபோது மார்பில் பூணூலும் தலையில் சடையும் கொண்ட முனிவராக வந்தார். நந்தனாகப் போனவர் நந்தனாக உள்ளே நுழையவில்லை. நந்தன் எரிந்தான், வேறொருவர் நுழைந்தார். அன்காசுக்குக் கிடைத்த முடிவும் டாமுக்குக் கிடைத்த சொர்க்கமும் இங்கே ஒரே தீயில் கிடைத்தன.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார், நாகைக்கு அருகிலுள்ள நரிமணத்தில் பிறந்தவர், நந்தன் சரித்திரக் கீர்த்தனை பாடினார். சேக்கிழாரிடம் இல்லாத ஒரு பாத்திரத்தை அவர் படைத்தார்: நந்தனை வேலைவாங்கும் நிலக்கிழாரான வேதியர். வயலையும் எசமானையும் கதைக்குள் கொண்டுவந்த பெருமை பாரதியாருடையது. ஆனால் அறுவடையைத் தீர்த்துவிட்டுப் போ என்று வேதியர் ஆணையிட்டதும் என்ன நடக்கிறது? பூதகணங்கள் வந்து ஒரே இரவில் வேலையை முடித்துவிடுகின்றன. அற்புதத்தைக் கண்டு வேதியர் நந்தன் காலில் விழுகிறார். கூலி என்ற சொல் எழவே இல்லை! ஜிம்மை உயில் விடுவித்தது. நந்தனைப் பூதம் விடுவித்தது. உழைத்தவன் தன் கையால் பெற்றது எதுவுமில்லை. 1935இல் கே. பி. சுந்தராம்பாளும், 1942இல் தண்டபாணி தேசிகரும் நந்தனாராக நடித்த படங்களில் தமிழ்நாடே அந்தப் பாட்டுக்கு உருகியது. உருகிய கூட்டத்தில் எத்தனை பேர் தத்தம் ஊரில் நந்தன் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருப்பர்?

புதுமைப்பித்தனுக்கு இந்த உருக்கம் பிடிக்கவில்லை. ‘புதிய நந்தன்’ என்ற கதையில் அவர் ஆதனூரைக் காந்தியார் காலத்துக்குக் கொண்டு வந்தார். காந்தியத்தில் பற்றுக்கொண்ட அந்தண இளைஞன், சுயமரியாதைக்காரனாகிவிட்ட ஒடுக்கப்பட்ட இளைஞன், அவனுடைய கிழத் தந்தை கருப்பன் - மூவரும் ரயிலில் அடிபட்டு மடிகின்றனர். இதில் யார் நந்தன் என்று கேட்டு நிறுத்துகிறார் ஆசிரியர். இளைஞர் இருவருக்கும் கொள்கை உண்டு, பேச்சு உண்டு. கருப்பனுக்கு? அவன் பார்வையும் அற்றவன்; பெரும்பாலும் பேச்சும் அற்றவன். நம்மவரையும் சேர்த்தே அந்தக் கதை குத்துகிறது. குத்து வலிக்கிறது என்பதற்காகப் பொய் என்று சொல்லிவிட முடியுமா? நாமும் நம் மேடைகளில், நம் நாடகங்களில், ஒடுக்கப்பட்டவனை எத்தனை முறை சான்றாக நிறுத்திவிட்டு, வாதத்தை நாமே பேசியிருக்கிறோம்! சான்றுக்கூண்டில் நிற்பதும் ஒரு வகையில் வெளியே நிற்பதுதான்.

1968 டிசம்பர் 25. கீழவெண்மணியில் கூலி கேட்ட உழவர்களின் குடிசை கொளுத்தப்பட்டது. நாற்பத்து நான்கு உயிர்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், வெந்து மாண்டனர். கீர்த்தனை பாடிய பாரதியார் பிறந்த அதே நாகை வட்டாரம். இம்முறை எவரும் முனிவராக வெளிவரவில்லை. அந்நிகழ்ச்சியை வைத்து இந்திரா பார்த்தசாரதி 1975இல் எழுதிய ‘குருதிப்புனல்’ 1977இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. ஆனால் அந்நாவலின் நடுவில் இருப்போர் யார்? தில்லியிலிருந்து ஊருக்கு வந்த படித்தவர்கள். ஆண்மைக் குறையால் குமையும் நிலக்கிழார். எரித்தவன் மனத்துக்குள் ஆழ இறங்கிய எழுதுகோல், எரிந்தவர் குடிசைக்குள் அவ்வளவு ஆழம் இறங்கவில்லை. கூலிப் போராட்டம் ஒருவனின் உடற்குறையின் கதையாகச் சுருங்கிற்று.

அவர்கள் எழுதியபோது

‘அவர்கள் படிக்காதவர்கள், ஆகவே மற்றவர் எழுத நேர்ந்தது’ என்று சமாதானம் சொல்வோர் உண்டு. வரலாறு அதை மறுக்கிறது. அடிமையாய்ப் பிறந்து தப்பிய பிரடெரிக் டக்ளஸ் தன் வரலாற்றை வெளியிட்டது 1845இல். டாம் மாமா நூலாவதற்கு ஏழு ஆண்டு முன்பு. அடித்த எசமானைத் திருப்பி அடித்து நின்றதை அவர் மறைக்கவில்லை. இங்கே அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் ஏடு தொடங்கினார். அவர் சொன்ன நந்தன் பண்ணையாள் அல்லன். வஞ்சகத்தால் வீழ்த்தப்பட்ட பௌத்த மன்னன்! வரலாற்று ஆய்வில் அது நிற்குமா என்பது வேறு கேள்வி. தன் மூதாதையைத் தீயில் தள்ளாமல் அரியணையில் அமர்த்தி ஒருவர் கதை சொன்னார் என்பதே இங்கு முதன்மை. குரல் இருந்தது, கேட்கும் செவிதான் இல்லை. காய்ச்சலில் செவி இழந்தது ஜிம்மின் மகள் மட்டுமல்ல போலும்.

பிற்காலத்தில் அக்குரல்கள் பெருகின. கோவில்பட்டி வட்டாரத்தின் பூமணி 1979இல் ‘பிறகு’ எழுதினார். மணலூத்து என்னும் ஊரில் தோல்வேலை செய்யும் அழகிரி அதன் நாயகர். அவர் தெய்வமும் அல்லர், தியாகியும் அல்லர். வேலை செய்கிறார், மகளை வளர்க்கிறார், கேலி பேசுகிறார், இழக்கிறார், மறுநாளும் எழுந்து வேலைக்குப் போகிறார். 1982இல் வந்த ‘வெக்கை’யில் சினமும் வந்தது. பதினைந்து வயதுச் சிதம்பரம் அரிவாள் வீசுவதில் கதை தொடங்குகிறது. டாமுக்கு மறுக்கப்பட்ட சினம் அது. அதைக் கொண்டாடாமல், அதனால் ஒரு குடும்பம் காட்டில் அலைவதையே ஆசிரியர் நாள் நாளாகக் காட்டினார்.

எங்கள் விருதுநகர் மாவட்டத்துப் புதுப்பட்டியில் பிறந்த பாமா 1992இல் ‘கருக்கு’ எழுதினார். அதில் ஒரு காட்சி. தெருவில் வயது முதிர்ந்தவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தை, கை படாமல், கட்டிய கயிற்றைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகிறார். சிறுமி பார்த்துச் சிரிக்கிறாள். அண்ணன் சொல்கிறான்: பொட்டலம் நிலக்காரருடையது, நம்மவர் கை பட்டால் தீட்டாம். சிரித்த வாய் மூடிக்கொள்கிறது. பூதம் இல்லை, தீ இல்லை, சொற்பொழிவு இல்லை. ஒரு கயிறு, ஒரு பொட்டலம். நூற்றுக்கணக்கான கீர்த்தனைகள் சொல்லாததை அந்தக் கயிறு சொல்லிவிட்டது. அத்தெருவில் பேசும் மொழியிலேயே அந்நூல் எழுதப்பட்டது. ஜிம்மின் பேச்சை நகைப்புக்காகக் கொச்சையாக்கியோர் உண்டு. இங்கே கொச்சை என்று ஒதுக்கப்பட்ட பேச்சே இலக்கியமாய் எழுந்து நின்றது.

அப்படியானால் அத்தெருவில் பிறந்தவரே எழுத வேண்டும், மற்றவர் எழுதலாகாது என்பதா என் கட்சி? அல்ல. செவியிழந்த மகளின் கதையை எழுதியவர் வெள்ளையரான ட்வைன்தானே! பிறப்பு எவருக்கும் உரிமைச்சீட்டும் அல்ல, தடைச்சீட்டும் அல்ல. பிறப்பை வைத்து மனிதனை அளப்பதற்கு எதிராகத்தானே நாம் நிற்கிறோம்? ஒடுக்கப்பட்டோருக்குள்ளும் ஒடுக்கப்பட்டோர் உண்டு. இமையம் 1994இல் எழுதிய ‘கோவேறு கழுதைகள்’ அதைத்தான் காட்டியது. சேரியில் துணி வெளுக்கும் ஆரோக்கியத்தின் வாழ்வைச் சொல்லி, சேரியையே அது கேள்வி கேட்டது. எழுதுபவர் எவராயினும், தம்முடைய இரக்கத்தைக் காட்டுவதற்காகப் பிறர் வாழ்வை எடுத்தாளக் கூடாது என்பதே என் கட்சி.

ஆகவே, எந்தக் கதையை எடுத்தாலும் நான்கு கேள்விகள் கேட்போம். விலக்கப்பட்டவனுக்கு அதில் முழுப் பெயர் உண்டா? தன் பேச்சு உண்டா? நியாயமான சினத்துக்கும், சாதாரண மனிதனின் தவறுக்கும் இடம் உண்டா? அவன் சாவு யாருடைய உள்ளத்தைத் தூய்மையாக்குவதற்காக நிகழ்கிறது? இக்கேள்விகளைக் கேட்பது பழைய நூல்களை எரிப்பதற்காக அல்ல. நெருப்பு போதும், நந்தனிலிருந்து வெண்மணிவரை போதும். விழிப்போடு படிப்பதற்காகவே.

ஜிம்மின் கதைக்கும் அப்படியொரு விழிப்பு வந்தது. கறுப்பின எழுத்தாளர் பெர்சிவல் எவரட் 2024இல் ‘ஜேம்ஸ்’ என்ற நாவலை வெளியிட்டார். 2025இல் அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. அதே ஆறு, அதே தெப்பம். ஆனால் கதை சொல்பவன் ஜிம். வெள்ளையர் முன்னே கொச்சை பேசுவது உயிர்காக்கப் போட்ட வேடம். தன்னவரிடம் அவன் பேச்சு திருத்தமானது. இறுதியில் அவன் தன் பெயரைத் தானே சூட்டிக்கொள்கிறான்: ஜேம்ஸ்.

அடுத்த வாரம் வகுப்பில் இதைச் சொன்னேன். “ஜிம்மின் தகப்பன் பெயரை ஆசிரியர் எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்பதுதான் நீ கேட்ட கேள்வி. நல்ல கேள்வி. எனக்கு அது முன்பே தோன்றியிருக்க வேண்டும்” என்றேன். பிறகு ஒவ்வொருவரும் தம் பாட்டனார் அல்லது பாட்டியாரின் வாழ்வை ஒரு பக்கம் எழுதி வரும்படி சொன்னேன்.

அந்த மாணவன் கொண்டுவந்த தாளில் முதல் வரி பாட்டனாரின் பெயர். அதற்கு முன்னால், தெளிவாக, அவர் தகப்பனாரின் பெயரெழுத்து. அதற்குப் பின்னால், ‘அவர்கள்’.

எழுத்துப் பிழை இரண்டு இருந்தது. அந்த வரியில் இல்லை.